எத்தனை கேள்விக்குறி, டீச்சர்?

கேள்வி: வியாசர்பாடியில் வீட்டு மாடியில் பிளஸ் ஒன் மாணவர்களுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். நான்கு அத்தியாயங்கள் கொண்ட பாடக்குறிப்பை மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டு முறையில் எழுதி, கோப்பை வடிவம் மாற்றும் பேண்டாக்கையும், சமன்பாடுகளுக்கு எண் போட்டுச் சுட்டும் அதன் துணைக்கருவியான பேண்டாக்-கிராஸ்ரெஃபையும் வைத்து நான்கு வடிவங்களில் எடுக்கிறேன். ஜெராக்ஸ் கடைக்குப் பிடிஎஃப், மாணவர்களின் போனுக்கு இபப் மின்நூல், இணையத்துக்கு அத்தியாயத்துக்கு ஒரு பக்கம், பிழை பார்த்துத் தரும் தோழிக்கு வேர்டு. பிடிஎஃபில் எல்லாம் சரி. ஆனால் அதில் (3.14) என்று இருக்கும் சமன்பாடு இணையத்தில் (3.12) ஆகிவிடுகிறது. அங்கே சில இடங்களில் எண்ணுக்குப் பதில் கேள்விக்குறிகள் நிற்கின்றன. வேர்டில் இரண்டு சமன்பாடுகளையே காணவில்லை. இபப்பில் எல்லாச் சமன்பாடும் பின்சாய்கோடும் ஆங்கில எழுத்துமாகத் தெரிகிறது. வேறு மென்பொருள் வாங்க வேண்டுமா? பேசாமல் எல்லாவற்றுக்கும் கையாலேயே எண் போட்டுவிடட்டுமா?

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு தகவல் குறைகிறது. கேள்விக்குறிகள் நிற்கின்றன என்கிறீர்கள்; எத்தனை என்று சொல்லவில்லை. சிரிக்காதீர்கள், எங்கள் அச்சுக்கோக்கும் தொழிலில் அதுதான் நாடி. தடித்த எழுத்தில் இரண்டு நின்றால் பேசுவது, பிடிஎஃபுக்கு அச்சுக்கோக்கும் மென்பொருளான லேடெக். மூன்று நின்றால், இணையப் பக்கத்தில் சமன்பாட்டை வரைந்து காட்டும் மேத்ஜாக்ஸ். தலைகீழான ஒரு கேள்விக்குறி, பிறகு நீங்கள் சமன்பாட்டுக்கு வைத்த பெயர், பிறகு நேரான ஒரு கேள்விக்குறி என்று வந்தால் கிராஸ்ரெஃப். கேள்விக்குறியை ஒட்டி @ வந்தால், பேண்டாக்கின் மேல் கட்டிய இன்னொரு கருவியான குவார்ட்டோ. வேர்டு மட்டும் குறியோடு நிறுத்தாது, ‘பிழை!’ என்று ஆரம்பித்து ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமே எழுதி வைக்கும். எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: ‘இந்தப் பெயரில் எனக்கு யாரையும் தெரியாது.’ தெரியாது என்று சொல்வது யார் என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

உங்கள் விஷயத்தில் மூன்று கேள்விக்குறி என்று பந்தயம் கட்டுகிறேன். இன்னொன்றும் சொல்கிறேன், சரியா பாருங்கள். மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பகுதியை நீங்கள் புதிதாக எழுதவில்லை. ஏதோ ஒரு பழைய லேடெக் கோப்பிலிருந்து வெட்டி ஒட்டியிருக்கிறீர்கள். அதில் இரண்டு சமன்பாடுகள் இருக்கின்றன. இரண்டும் நீங்கள் மற்ற இடங்களில் எழுதுவதைப் போல இரட்டை டாலர் குறிகளுக்குள் இல்லாமல், பின்சாய்கோடு ‘பிகின்’, ‘ஈக்குவேஷன்’ என்று லேடெக் பாணியில் தொடங்கி முடிகின்றன.

ஊகம்தான். ஆனால் நீங்கள் சொன்ன அடையாளங்களில் மூன்று ஒரே வாசலைத்தான் காட்டுகின்றன. மார்க்டவுனுக்குள் இப்படி நேரடியாக வரும் லேடெக் துண்டைப் பேண்டாக் ‘கச்சாப் பொருள்’ என்று ஒதுக்கி வைக்கும். பிடிஎஃபுக்கு லேடெக் வழியாகப் போகும்போது அதை அப்படியே கொடுத்துவிடும். லேடெக்குக்கு அது தாய்மொழி, ஆகவே அச்சில் ஒரு குறையும் தெரியாது. வேர்டுக்குப் போகும்போது கச்சா லேடெக்கை என்ன செய்வது என்று தெரியாமல் சத்தமின்றி விட்டுவிடும். அதனால்தான் அங்கே இரண்டைக் காணவில்லை. அந்த ஒட்டிய பகுதியில் ‘ஈக்யூரெஃப்’ என்ற லேடெக் கட்டளையால் ஏதாவது சமன்பாட்டைச் சுட்டியிருந்தால் வேர்டில் அதுவும் காணாமல் போய், ‘-இலிருந்து’ என்ற உருபு மட்டும் தாயைத் தேடும் கன்றுக்குட்டியாகத் தனியே நிற்கும். பாருங்கள், நிச்சயம் நிற்கும்.

இணையத்தில் வேறு கதை. பேண்டாக் அந்தத் துண்டை மேத்ஜாக்ஸின் தலையில் கட்டிவிடுகிறது. மேத்ஜாக்ஸ் உலாவிக்குள் ஓடுவது; திறந்திருக்கும் ஒரு பக்கம்தான் அதற்கு உலகம். ஒட்டிய பகுதியில் இரண்டாம் அத்தியாயத்துச் சமன்பாடு ஒன்றைச் சுட்டியிருக்கிறீர்கள். அந்தப் பக்கம் வேறு கோப்பில் இருப்பதால் அது கையை விரிக்கிறது: மூன்று கேள்விக்குறி. சமன்பாடு தெரியும், சுட்டல் மட்டும் தெரியாது.

இப்போது பன்னிரண்டு, பதினான்கு கணக்கு. ஒரு கடையில் இரண்டு கணக்குப்பிள்ளைகள் தனித்தனி நோட்டு வைத்தால் சாயங்காலம் கல்லா ஒத்துப்போகாது. உங்களிடம் மூன்று கணக்குப்பிள்ளைகள் இருக்கிறார்கள். பிடிஎஃபில் எண்ணுவது லேடெக். இணையம், இபப், வேர்டு மூன்றிலும் எண்ணுவது கிராஸ்ரெஃப். ஒட்டிய அந்த இரண்டை மட்டும் இணையப் பக்கத்தில் கவனிப்பது மேத்ஜாக்ஸ். கிராஸ்ரெஃபுக்கு இரட்டை டாலருக்குள் எழுதி, பின்னால் பெயர் கொடுத்த சமன்பாடுதான் கண்ணுக்குத் தெரியும். லேடெக் அந்த இரண்டையும் சேர்த்து எண்ணுகிறது, கிராஸ்ரெஃப் சேர்க்கவில்லை. அவற்றுக்குப் பிறகு வரும் ஒவ்வொன்றும் சரியாக இரண்டு பின்தங்குகிறது. நான்காம் அத்தியாயத்தில் எண்கள் மறுபடியும் ஒத்துப்போகின்றன அல்லவா? அத்தியாயம் மாறியதும் இரண்டு பேரும் ஒன்றிலிருந்து தொடங்குகிறார்கள், அதனால்தான்.

அந்த இரண்டையும் இணையப் பக்கத்தில் கண்ணாலேயே பிடித்துவிடலாம். கிராஸ்ரெஃப் தன் எண்ணைச் சமன்பாட்டின் உள்ளேயே, கடைசியில் சிறிது இடம் விட்டு எழுதுகிறது. மேத்ஜாக்ஸ் எண்ணிட்டால் அது வலது ஓரத்தில் ஒட்டி நிற்கும், (1), (2) என்று அத்தியாய எண் இல்லாமல். மேத்ஜாக்ஸின் தானியங்கி எண்ணிடல் வழக்கமாக அணைந்தே இருக்கும். நீங்கள் அதை இயக்கவில்லை என்றால் அந்த இரண்டுக்கும் எண்ணே இருக்காது.

ஆக, மென்பொருள் எதுவும் வாங்க வேண்டாம். நீங்கள் வைத்திருப்பவை நல்ல கருவிகள், எல்லாம் இலவசம். மூலக் கோப்பில் பின்சாய்கோடு ‘பிகின்’ என்று தேடுங்கள். கிடைக்கும் சமன்பாட்டை இரட்டை டாலருக்குள் மாற்றி, முடியும் இரட்டை டாலருக்குப் பின் நெளிவு அடைப்புக்குள் # போட்டு, ஈ, க்யூ என்ற இரண்டு சிறிய ஆங்கில எழுத்துகளும் முக்காற்புள்ளியும் சேர்த்துப் பெயர் கொடுங்கள். பழைய ‘லேபிள்’ கட்டளையை எடுத்துவிடுங்கள். பிறகு ‘ரெஃப்’, ‘ஈக்யூரெஃப்’ இரண்டையும் தேடி, அந்த இடங்களில் @ போட்டுப் பெயரை எழுதுங்கள். அரை மணி நேர வேலை.

கையால் எண் போடலாமா என்று கேட்டீர்கள். பத்துச் சமன்பாடு, ஒரே வடிவம், இனி மாறாது என்றால் தாராளமாகப் போடுங்கள், நானும் போடுவேன். நூறைத் தாண்டிய குறிப்புக்கு வேண்டாம். நான் தொழிலுக்கு வந்த புதிதில் தங்கசாலைப் பக்கம் ஓர் அச்சகத்தில் பாலிடெக்னிக் வழிகாட்டி ஒன்றைக் கோத்தேன். கடைசிப் படி திருத்தும் நாளில் ஆசிரியர் ஐந்தாம் அத்தியாயத்தின் நடுவில் ஒரே ஒரு சமன்பாட்டைச் சேர்த்தார். அதற்குப் பின் வந்த எண்கள் அத்தனையும் ஒன்று கூட வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மாற்றினேன். சமன்பாட்டின் பக்கத்தில் இருந்த எண்கள் எல்லாம் சரியாகிவிட்டன. பத்திகளுக்குள் ‘மேற்கண்ட சமன்பாடு 9-இன்படி’ என்று ஒளிந்திருந்த இரண்டு மட்டும் தப்பிவிட்டன. புத்தகம் கட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது. எண் போடுவது சிரமமே இல்லை டீச்சர், எண்ணைச் சுட்டிய இடங்களைத் தேடிப் பிடிப்பதுதான் உயிரை வாங்கும்.

பெரம்பூர் ஐசிஎஃப் தொழிற்சாலையில் 1955 முதல் ரயில் பெட்டிகள் தயாராகின்றன. பெட்டியின் பக்கவாட்டில் அதற்கே உரிய எண் எழுதியிருக்கும். எஸ்-3, எஸ்-4 என்பது வேறு. அந்தப் பயணத்தில் அந்தப் பெட்டிக்குக் கிடைத்த இடம். நாளைக்கே வேறு வண்டியில் கோத்தால் அது எஸ்-7 ஆகலாம். பழுது பார்க்கிறவர் பெட்டியின் சொந்த எண்ணை வைத்துப் பேசுவார், பயணி எஸ்-3 என்பார். சமன்பாட்டுக்கு நீங்கள் வைக்கும் பெயர் பக்கவாட்டில் எழுதியது. (3.14) என்பது எஸ்-3. மூலக் கோப்பில் எஸ்-3 என்று எங்கேயும் எழுதக் கூடாது.

இது இன்று நேற்று வந்த யோசனை இல்லை. லெஸ்லி லாம்போர்ட் 1980-களில் லேடெக்கை எழுதியபோதே பெயர் வைப்பதும் பெயரால் சுட்டுவதும் அதில் இருந்தன. முதல் ஓட்டத்தில் எந்தப் பெயருக்கு எந்த எண் வந்தது என்பதை லேடெக் ஒரு துணைக் கோப்பில் குறித்து வைத்துக்கொள்ளும். இரண்டாம் ஓட்டத்தில் அதைப் படித்துச் சுட்டிய இடங்களில் நிரப்பும். ஒரே ஒரு முறை ஓட்டிவிட்டு இரண்டு கேள்விக்குறியைக் கண்டு பதறுகிறவர்களிடம் நான் சொல்வது, இன்னொரு முறை ஓட்டுங்கள் என்பதுதான். பேண்டாக் வழியாகப் பிடிஎஃப் எடுக்கும் உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. தேவையான அளவு அதுவே ஓட்டிவிடும்.

பெயர் வைக்கும்போது இரண்டு எச்சரிக்கை. எண்ணையே பெயராக வைக்காதீர்கள். ‘சமன்12’ என்று வைத்தால் அது பதினான்காம் இடத்துக்குப் போன அன்று நீங்களே குழம்புவீர்கள். சமன்பாடு என்ன சொல்கிறதோ அதை வையுங்கள்: இறுதித் திசைவேகம், உந்த மாறாமை, உராய்வு எல்லை. அடுத்தது எனக்குப் பிடிக்காதது, ஆனாலும் சொல்ல வேண்டும். பெயரைத் தமிழ் எழுத்தில் வைக்காதீர்கள். புள்ளியும் கொம்பும் துணைக்காலும் வரும் இடத்தில் கருவி பெயரை எங்கே வெட்டும் என்று நம்ப முடியாது. ஒலியை ஆங்கிலச் சிற்றெழுத்தில் எழுதி, சொற்களுக்கு நடுவே சிறு கோடு போடுங்கள். அடிக்கோடு வேண்டாம், நாளைக்குக் குவார்ட்டோவுக்கு மாறினால் பிடிஎஃபில் அது வம்பு செய்யும்.

இனி வருவது ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு வராத தொல்லை. இதைப் பற்றி யாரும் பேசுவதும் இல்லை. ஆகவே கொஞ்சம் நீட்டுகிறேன்.

ஆங்கிலத்தில் ‘சமன்பாடு’ என்ற சொல்லும் எண்ணும் வாக்கியத்தில் எங்கே வந்தாலும் வடிவம் மாறாது. முன்னால் ஒரு சிறு சொல்லைச் சேர்த்தால் போதும். அதனால் இந்தக் கருவிகள் எல்லாம் எண்ணுக்கு முன்னால் அந்தச் சொல்லைத் தாமாகவே ஒட்டுகின்றன. அமைப்பில் அந்த முன்னொட்டைத் தமிழில் ‘சமன்பாடு’ என்று மாற்றிக்கொள்ளலாம், மாற்றியும் இருப்பீர்கள். ஆனால் நம் மொழியில் வேற்றுமை உருபு பின்னால் வருகிறது, வரும்போது பெயர்ச்சொல்லையும் மாற்றுகிறது. சமன்பாடு, சமன்பாட்டை, சமன்பாட்டில், சமன்பாட்டிலிருந்து. கருவி ‘சமன்பாடு 3.14’ என்று கொடுத்த பிறகு அதன் வாலில் ‘-இலிருந்து’ என்று கட்டுவது தவறில்லை, அச்சில் பலரும் செய்கிறார்கள். படிக்கும் பிள்ளைக்கு மட்டும் அது கல் கடித்த சோறு.

நான் செய்வது இது. முன்னொட்டையே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். சதுர அடைப்புக்குள் முதலில் ஒரு கழித்தல் குறி, பிறகு @, பிறகு பெயர்: இப்படி எழுதினால் கிராஸ்ரெஃபும் சரி, குவார்ட்டோவும் சரி, வெறும் எண்ணை மட்டும் கொடுக்கும். அதைச் சுற்றி வளைவு அடைப்பை நானே தட்டி, பின்னால் நல்ல தமிழில் எழுதுகிறேன்: ‘(3.14)-ஆம் சமன்பாட்டிலிருந்து’. எண் முன்னால், பெயர்ச்சொல் பின்னால், உருபு அதன் இடத்தில். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

சதுர அடைப்பு அழகுக்காக இல்லை. அது இல்லாமல் @ போட்டுப் பெயரை எழுதி, இடைவெளி விடாமல் ‘-ஐ’ என்று தொடர்ந்தால் என்ன ஆகும் தெரியுமா? பெயருக்குள் சிறு கோடு வரலாம், கோட்டுக்குப் பின் எந்த மொழி எழுத்தும் வரலாம் என்பது பேண்டாக்கின் விதி. அது உருபையும் சேர்த்து விழுங்கி, அப்படி ஒரு பெயரே இல்லை என்று சொல்லிவிடும். ஒருமுறை இதற்காக ஓர் இரவு முழுவதும் உட்கார்ந்திருக்கிறேன். மூலத்தில் பெயர் சரி, சமன்பாட்டில் பெயர் சரி, ஆனாலும் தலைகீழ்க் கேள்விக்குறி. அந்தக் குறிக்குள் இருந்த பெயரை விடியற்காலையில்தான் கடைசி எழுத்துவரை படித்தேன். ஓர் ‘ஐ’ ஒட்டிக்கொண்டிருந்தது.

இன்னொன்று. ‘மூன்றாம் சமன்பாட்டில்’ என்று சொல்லால் எழுதிய இடங்கள் உங்கள் குறிப்பில் கட்டாயம் இருக்கும், தமிழில் எழுதும் எல்லாரிடமும் இருக்கும். எந்தக் கருவியும் இலக்கத்தைச் சொல்லாக மாற்றித் தராது. ‘மூன்றாம்’, ‘நான்காம்’ என்றெல்லாம் தேடிப் பிடித்து இலக்கமாக்குங்கள். ‘மேலே உள்ள சமன்பாடு’ என்பதையும் விடாதீர்கள். அச்சுப் பக்கத்தில் மேலே இருப்பது போன் திரையில் நான்கு முறை தள்ளினால்தான் வரும்.

பல வரிச் சமன்பாடுகளுக்கு வருகிறேன். லேடெக்கில் பழகியவர்கள் ‘அலைன்’ சூழலைப் போட்டு வரிக்கு ஒரு எண் வாங்குவார்கள். பிடிஎஃப் ஒன்றுக்குத்தான் எழுதுகிறீர்கள் என்றால் அது சுகம். நான்கு வடிவத்துக்கு எழுதும் உங்களுக்கு அது வினை. கிராஸ்ரெஃபில் ஓர் இரட்டை டாலர்க் கட்டுக்கு ஒரு பெயர், ஒரு எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வரிகளை ஒழுங்காக அடுக்க ‘அலைன்டு’ இருக்கிறது. பெயரில் ஒரு ‘டு’தான் வித்தியாசம், குணத்தில் ஏகப்பட்ட வித்தியாசம். அது எண்ணைக் கேட்காது, வரிகளை மட்டும் நேர்ப்படுத்தும், வேர்டுக்கும் ஒழுங்காகப் போய்ச் சேரும். ஏதாவது ஒரு நடுவரியைத் தனியே சுட்ட வேண்டும் என்று தோன்றினால், அந்த வரி தனிச் சமன்பாடாக நிற்கத் தகுந்தது என்று அர்த்தம். வெட்டித் தனியே வைத்து, நடுவில் ‘இதில் காலத்தை நீக்கினால்’ என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். பிள்ளைகளுக்கும் அதுதான் வேண்டும்.

எவற்றுக்கு எண் கொடுப்பது? சுட்டிய சமன்பாட்டுக்கு மட்டும் எண் போதும் என்பது அச்சகங்களில் பலருக்கும் பழக்கம். நானும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தேன். இயற்பியலாளர் டேவிட் மெர்மின் 1989-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்கு நேர் எதிராகச் சொன்னார்: தனி வரியில் நிற்கும் எல்லாச் சமன்பாட்டுக்கும் எண் கொடுங்கள், நீங்கள் சுட்டாததை வாசகர் சுட்ட நினைக்கலாம். உங்கள் மாணவர்கள் இரவு ஒன்பது மணிக்குப் போன் செய்து ‘அந்த மூன்றாம் பக்கத்துக் கீழே, பின்னம் இருக்கிறதே, அது’ என்று கேட்பவர்கள்தானே? அவர் சொன்னதைக் கேளுங்கள். நான்கு வடிவங்களை ஒப்பிடும்போதும் அது உங்களைக் காப்பாற்றும். சிலவற்றுக்கு எண் உண்டு, சிலவற்றுக்கு இல்லை என்ற நிலையில்தான் ஒன்று விட்டுப்போனால் கண்ணில் படாது.

அதே கட்டுரையில் இன்னொரு விதியும் உண்டு: எண்ணை மட்டும் சொல்லாமல் அது எந்தச் சமன்பாடு என்று ஒரு சொல்லும் சேருங்கள். ‘உந்த மாறாமையைச் சொல்லும் (3.14)-ஆம் சமன்பாட்டிலிருந்து’. நாளைக்கு எண் பிசகினாலும் வாக்கியம் பிசகாது.

இபப் விஷயம் எளிது. மேத்ஜாக்ஸ் என்ற தெரிவோடு அதையும் எடுத்திருக்கிறீர்கள். மேத்ஜாக்ஸுக்கு ஜாவாஸ்கிரிப்ட் ஓட வேண்டும். மின்நூல் செயலிகள் அதை ஓட்டியே ஆக வேண்டும் என்று இபப் தரம் கட்டாயப்படுத்தவில்லை, பல ஓட்டுவதும் இல்லை. ஓடாத இடத்தில் கச்சா எழுத்து அப்படியே தெரியும். இபப் எடுக்கும் கட்டளையில் மட்டும், சமன்பாடுகளுக்கென்றே உள்ள குறியீட்டு மொழியான மேத்எம்எல் தெரிவைப் போடுங்கள். இபப் 3-இல் அதற்கு முறையான இடம் உண்டு. கிராஸ்ரெஃப் எண்ணைச் சமன்பாட்டின் உள்ளேயே எழுதிவிடுவதால் அதுவும் கூடவே வரும். வலது ஓரத்தில் போய் நிற்காது, அவ்வளவுதான். இணையப் பக்கத்துக்கும் இதையே யோசிக்கலாம். குரோம் 2023-இல் வந்த 109-ஆம் பதிப்பு முதல் மேத்எம்எல்லைக் காட்டுகிறது, ஃபயர்ஃபாக்ஸ் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே காட்டுகிறது. டேட்டா தீர்ந்துபோன பிள்ளைகளின் போனில் மேத்ஜாக்ஸ் இறங்கும்வரை காத்திருக்க வேண்டாம். மேத்ஜாக்ஸோடுதான் இருப்பேன் என்றால் அதன் எண்ணிடலை அணைத்தே வையுங்கள். ஒரு கணக்குப்பிள்ளை குறைவது நல்லது.

வேர்டு. இங்கே நான் கொஞ்சம் கண்டிப்பானவன். பேண்டாக் தரும் வேர்டு கோப்பில் எண்கள் வெறும் எழுத்துகள். உங்கள் தோழி அங்கே ஒரு சமன்பாட்டைச் சேர்த்தால் மற்ற எண்கள் நகராது. வேர்டுக்கே உரிய உயிருள்ள எண்களும் உண்டு; தலைப்பு இடும் வசதியால் புலமாகச் செருகி, முழுவதையும் தேர்ந்தெடுத்து எஃப்9 விசையை அழுத்தினால் எல்லாம் புதுப்பிக்கப்படும். ஆனால் அது நான்காவது கணக்குப்பிள்ளை. தோழியிடம் சொல்லிவிடுங்கள்: மாற்றங்களைத் தடம் பிடிக்கும் வசதியை இயக்கிக்கொண்டு திருத்தட்டும், எண்ணில் கை வைக்க வேண்டாம். திருத்தங்களை நீங்கள் மூலக் கோப்பில் ஏற்றுங்கள். வேர்டிலிருந்து மூலத்தைத் திரும்ப எடுக்கப் போகாதீர்கள். வைத்த பெயர்கள் அந்த ஒரே வழியில் தொலைந்துவிடும்.

சின்ன விஷயம் ஒன்று, ஆனால் இன்று சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். கட்டளையில் கிராஸ்ரெஃப் முதலில் வர வேண்டும், நூற்குறிப்புகளைக் கையாளும் சைட்பிராக் அதன்பின். இரண்டும் @ குறியைத்தான் தேடுகின்றன. வரிசை மாறினால் சைட்பிராக் உங்கள் உந்த மாறாமையை ஏதோ புத்தகம் என்று நினைத்துத் தேடி, கிடைக்கவில்லை என்று எழுதிவிடும்.

ஏற்கெனவே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்த படிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த மாதம் கேட்பீர்கள். நம் பக்கத்துத் தெருக்களில் பழைய எண், புதிய எண் என்று கதவில் இரண்டும் எழுதியிருக்கிறதே, அந்தக் கதைதான். கூரியர்காரர் இன்றைக்கும் பழைய எண்ணைத்தான் கேட்கிறார். பழைய படி பாதி வகுப்பிடம், புதிய படி பாதி வகுப்பிடம் என்றால் ‘(2.7)-ஐப் பாருங்கள்’ என்று நீங்கள் சொல்லும்போது ஆளுக்கொரு சமன்பாட்டைப் பார்ப்பார்கள். படி வெளியே போன பிறகு புதிய சமன்பாட்டை அத்தியாயத்தின் நடுவில் செருகாதீர்கள், கடைசியில் சேருங்கள். பழைய எண்கள் அசையாது. பெரிய மாற்றம் செய்தே ஆக வேண்டும் என்றால் ஆண்டு முடியும்வரை பொறுத்து, புதிய பதிப்பு எண்ணை ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இணையப் பக்கத்தின் தலையிலும் போடுங்கள்.

எல்லாம் முடித்து நான்கு கோப்பையும் எடுத்தபின் மூன்று தேடல் போதும். பிடிஎஃபில் இரட்டைக் கேள்விக்குறி, இணையத்தில் மூன்று கேள்விக்குறி, எல்லாவற்றிலும் தலைகீழ்க் கேள்விக்குறி. மேத்ஜாக்ஸின் குறிகள் உலாவியில் திறந்த பிறகுதான் உருவாகும். கோப்புக்குள் தேடினால் அகப்படாது, பக்கத்தைத் திறந்து அங்கேயே தேடுங்கள். பிறகு ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசிச் சமன்பாட்டை மட்டும் நான்கிலும் ஒப்பிடுங்கள். கடைசி எண் ஒத்துப்போனால் நடுவில் எதுவும் விட்டுப்போகவில்லை என்று பெரும்பாலும் நம்பலாம். பெரும்பாலும் என்கிறேன், ஏனென்றால் ஒன்று விட்டுப்போய், வேறொன்று இரட்டிப்பான கோப்பு ஒன்றும் என் கைக்கு வந்திருக்கிறது.

அதற்குப் பிறகும் (3.14) இணையத்தில் வேறாக இருந்தால் மூன்றாம் அத்தியாயத்தின் மூலக் கோப்பையும் நீங்கள் தட்டிய கட்டளையையும் அனுப்புங்கள். பிடிஎஃப் வேண்டாம், அதில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.